இர்பானாவின் ஜெர்மன் வகுப்பு

ஆடி பிறந்ததிலிருந்து பாலக்கரையில் காற்று ஓயவில்லை. ரோஷன் பேகம் மைதா மூட்டையைப் பிரிக்கும் முன் ஜன்னலைச் சாத்துவாள், மாடிப்படி இடுக்கில் பழைய கோணியைத் திணிப்பாள். அப்படியும் காற்று எப்படியோ உள்ளே வந்து, தேய்த்து வைத்த மாவுத் தகடுகளின் ஓரத்தைக் காய வைத்துவிடும். காய்ந்த ஓரம் மடிக்கும்போது வெடிக்கும். வெடித்த சமோசா எண்ணெயில் வாயைப் பிளந்து உள்ளிருக்கும் வெங்காயத்தைக் கக்கிவிடும். மறுநாள் டீக்கடைக்காரர்கள் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

அவள் வீட்டில் பொரிப்பதில்லை. மாவைத் தேய்த்து, எண்ணெய் தடவி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கல்லில் அரைவேக்காடாக வாட்டி, சூட்டோடு சூடாக ஒவ்வொரு தகடாகப் பிரித்து எடுத்து, பட்டையாக நறுக்கி, வெங்காயமும் முட்டைக்கோசும் வைத்து முக்கோணமாக மடித்துத் தட்டில் அடுக்குவதுவரை அவள் வேலை. சாயங்காலம் தம்பி சர்ஃபராஸ் மொபெட்டில் வந்து தட்டுகளைத் தூக்கிப் போய், சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடைகளுக்குக் கொடுப்பான். புருஷன் பஷீர் அகமது வெளிநாட்டில், தம்மாமில் குழாய் கோடவுன் ஒன்றில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வருவார். வீட்டில் அவளும் மகள் இர்பானாவும்தான்.

அன்று மத்தியானம் தகடுகளை வாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஸ்ரீரங்கத்தில் இர்பானா படிக்கும் ஸ்கூலிலிருந்து ஜென்சி மிஸ்.

"இர்பானா அம்மாங்களா? ஜெர்மன் மிஸ் பேசறேன். வேலையா இருக்கீங்களா?"

"இல்லைங்க மிஸ், சொல்லுங்க."

"ஜெர்மன் வேணாம், அட்வான்ஸ்டு இங்கிலீஷுக்கு மாத்திடுங்கன்னு இர்பானா வந்து சொல்றா. உங்களுக்குத் தெரியுமா?"

கல்லில் தகடு கருகும் வாசனை வந்தது. ரோஷன் பேகம் அடுப்பைத் தணித்தாள்.

"தெரியாதுங்க மிஸ்."

"அதான் கூப்பிட்டேன். கிளாஸ்லயே நல்லா எழுதற பொண்ணு. ஏன்னு கேட்டா தலைய குனிஞ்சிக்கறா. அவ விட்டா அந்த எடத்துக்கு வேற பசங்க காத்திருக்காங்க. ஒரு தடவ விட்டுட்டா மறுபடி வாங்க முடியாது. வீட்ல பேசிட்டு அடுத்த வாரம் ஒரு தடவ வாங்களேன்."

அந்த ஸ்கூலில் இந்த வருஷம்தான் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு ஏற்பாடு. மற்ற பாடங்களோடு கூடுதலாக ஒன்று எடுக்க வேண்டும். அட்வான்ஸ்டு இங்கிலீஷ், இல்லாவிட்டால் ஜெர்மன். எட்டாவதோடு நின்றுபோன ரோஷன் பேகத்துக்கு இரண்டுமே எட்டாத சங்கதி. இங்கிலீஷுக்கு மேலே அதென்ன இன்னொரு இங்கிலீஷ் என்று அவள் கேட்டபோது இர்பானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பத்தாவதில் இங்கிலீஷில் ஸ்கூலுக்கே முதலாக வந்தவள். ஜெர்மன் வகுப்புக்கு எல்லோரும் அடித்துப் பிடித்தபோது அவளை வலியக் கூப்பிட்டுத்தான் இடம் கொடுத்தார்கள்.

பஷீர் அகமதுக்கு அந்தச் சேதி கேட்டு கால் தரையில் படவில்லை. அவரோடு ரூமில் தங்கியிருக்கும் கோட்டயத்துக்காரர் குரியனின் மகள் ஜெர்மன் படித்து, அந்த நாட்டுக்கே நர்ஸாகப் போய், அப்பனையும் அம்மாளையும் லீவுக்கு வரவழைத்துப் பனியில் நிற்க வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அந்தப் படத்தைப் பஷீர் இங்கே எல்லோருக்கும் அனுப்பினார். இர்பானாவும் லீவு முழுக்க ஜெர்மன் புத்தகத்தைக் கையை விட்டு இறக்கவில்லை.

அன்று அவள் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவி, புளிச்சோறும் மசால்வடையும் சாப்பிட்டுவிட்டு மடிக்க உட்கார்ந்தாள். ரோஷன் பேகம் மாவைத் தேய்த்தபடியே கேட்டாள்.

"ஜெர்மன் ஏன் வேணாம்னு சொன்ன?"

இர்பானா மடித்துக்கொண்டே இருந்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன்."

அதற்கும் பதில் இல்லை. ரோஷன் பேகம் கட்டையைப் பலகையில் தட்டினாள். இர்பானா நிமிர்ந்தாள்.

"என்னம்மா?"

"ஜெர்மன் ஏன் வேணாம்னு சொன்னன்னு கேட்டேன்."

"மிஸ் போன் பண்ணாங்களா? புடிக்கலம்மா."

"லீவு பூரா அதக் கட்டிக்கிட்டுத்தான கெடந்த?"

"அப்ப புடிச்சிது. இப்ப புடிக்கல. இங்கிலீஷே படிச்சிக்கறேன்."

"கிளாஸ்ல யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. விடேன்."

கதவருகே நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சர்ஃபராஸ் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தான். பேச்சில் சூடானவன், ஆனால் அக்கா குடும்பத்துக்கு ஒன்றென்றால் வேலையைப் போட்டது போட்டபடி ஓடி வருகிறவன்.

"என்னக்கா, மகாராணி என்ன சொல்றாங்க?"

"வேணாங்கறா."

"அவ வேணாம்னா ஆச்சா? மச்சானுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"சொல்லிப் பாரு, மனுசன் ஒடஞ்சி போயிருவாரு." குரலைத் தாழ்த்தினான். "நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. அந்த இங்கிலீஷ் கிளாஸுல யாரு யாரு இருக்காங்கன்னு விசாரிச்சியா?"

"என்ன பேச்சுடா இது?"

"ஊருல நடக்கறதத்தான் சொல்றேன். முன்ன மாதிரியா இருக்கா அவ? கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறா. நேத்து மார்க்கெட்டுகிட்ட பின்னாலேயே ஹாரன் அடிச்சிட்டு வந்தேன், இர்பானா இர்பானான்னு கத்தறேன், அவ பாட்டுக்குப் போறா. மச்சான் போன் பண்ணா வாங்கறாளா? நாலு எழுத்துப் படிச்சதும் திமிரு வந்துருச்சுக்கா."

அந்தப் பேச்சு ரோஷன் பேகத்துக்குச் சுருக்கென்று தைத்தது. மறுக்கவும் முடியவில்லை. அவளுக்கும் அந்த நினைப்பு இருந்தது. கொஞ்ச நாளாகவே மகள் எதைக் கேட்டாலும் இரண்டாம் தரம்தான் பதில் சொல்கிறாள்.

வெள்ளிக்கிழமை பஷீருக்கு லீவு. ஜும்ஆ தொழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுவார். இங்கே பிற்பகல் அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லும் நேரமாக இருக்கும். அந்த வெள்ளி இர்பானா விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. ரோஷன் பேகம் போனை மாவு டப்பாவின் மேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"வேணாங்கறாளா? ஏனாம்?"

"அவளுக்குப் புடிக்கலையாங்க."

"போன அவகிட்ட குடு."

இர்பானா சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். போனை நீட்டியதும் தலையை ஆட்டி, தலை வலிக்கிறது என்று சைகை காட்டினாள்.

"தலைவலியாங்க."

"போன வாரமும் தலைவலி. அதுக்கு முந்தின வாரம் குளிக்கப் போயிருக்கா." பஷீரின் குரல் இறங்கியது. "பத்து நிமிஷம் எங்கிட்ட பேச அவளுக்கு முடியலல்ல ரோஷனு? வாய்ஸ் அனுப்பினா அதுக்கும் ஓகே அத்தா அப்படின்னு எழுதி அனுப்பறா. நான் என்ன பேசறேன், அவ எதுக்கு ஓகேங்கறா?"

"புள்ளைக்கு பாடம், படிப்புன்னு ஆயிரம் இருக்கும். நீங்க மனசுல வச்சிக்காதீங்க."

"எனக்காகவா சொல்றேன்? இங்க சூப்பர்வைசர் இங்கிலீஷ்ல கேப்பான். எனக்கு விசயம் தெரியும், சொல்ல வராது. பக்கத்துல நேத்து வந்த பையன் சொல்லிட்டுப் போயிருவான். இத்தன வருசமும் வாயப் பொத்திக்கிட்டே ஓடிப்போச்சு. அவளுக்கு அப்படி ஆவக் கூடாதுன்னுதான். இங்கிலீஷு எல்லாப் பயலுக்கும் தெரியுது. இது இருந்தா தனியா தெரிவா."

"நான் ஸ்கூலுக்குப் போயிக் கேட்டுட்டு வரேங்க."

"கேளு. ஜெர்மன விட வேணாம்னு நான் சொன்னேன்னு சொல்லு."

போனை வைத்ததும் ரோஷன் பேகம் மகள் பக்கம் திரும்பினாள். இத்தனை நேரம் அடக்கியது எல்லாம் வந்துவிட்டது. "அங்க வெயில்ல வேகறாரு மனுசன். ஒரு வார்த்த பேசினா உன் நாக்குத் தேஞ்சிருமா?" என்றாள். இர்பானா கண் தளும்ப அவளைப் பார்த்தாள். போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை ரோஷன் பேகம் காலையிலேயே மாவு வேலையை முடித்துவிட்டு, புர்காவை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பாலத்தில் பஸ் போகும்போது இரு பக்கமும் காவிரியில் புதுத் தண்ணீர் நுரையோடு போய்க்கொண்டிருந்தது. முக்கொம்பில் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று முன் சீட்டில் யாரோ சொன்னார்கள்.

ஜென்சி மிஸ் சின்ன வயசுக்காரி. சென்னையில் ஜெர்மன் படித்துவிட்டு வந்தவள். ரோஷன் பேகத்தை வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள்.

"எழுதறதுல அவள அடிச்சிக்க ஆள் இல்லைங்க. ஆனா கேட்டு எழுதற பயிற்சி ஒண்ணு உண்டு. ஹெட்போன்ல ஒருத்தர் பேசுவாரு, அதக் கேட்டு பதில் எழுதணும். அதுல மட்டும் பேப்பர வெறுமனே குடுத்துடறா. அடம்னு நெனச்சேன். இப்ப அந்த கிளாஸ்தான் ஆரம்பிக்கப் போறேன். இப்படி ஜன்னல் பக்கமா நின்னு பாருங்க, உங்களப் பாத்தா கூச்சப்படுவா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். இர்பானாவும் மாட்டிக்கொண்டாள். எல்லோர் கண்ணும் பேப்பரில் இருந்தது. இர்பானா மட்டும் பேப்பரைப் பார்க்கவில்லை. இடது பக்கத்துப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், வலது பக்கத்துப் பெண்ணின் பேனாவைப் பார்த்தாள். ஹெட்போனைக் கையால் காதோடு அழுத்தினாள். அதில் ஏதோ வேடிக்கையாகச் சொல்லியிருப்பார்கள் போல, பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். இர்பானா சுற்றிலும் பார்த்துவிட்டு, அவர்கள் சிரித்து முடிக்கும் நேரத்தில் சிரித்தாள்.

பேச்சு ஓடி முடிந்ததும் ஜென்சி மிஸ் இர்பானாவின் பின்னால் வந்து நின்று, எல்லோரையும் ஹெட்போனைக் கழற்றச் சொல்லி, அவளைப் பேர் சொல்லியும் கூப்பிட்டாள். மற்றவர்கள் கழற்றினார்கள். பக்கத்துப் பெண் முழங்கையால் இடித்த பிறகுதான் இர்பானா கழற்றினாள்.

 ரோஷன் பேகம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மாவுப் பலகையில் கட்டையைத் தட்டியதும், மார்க்கெட்டில் சர்ஃபராஸ் கத்தியதும், ஓகே அத்தா என்று எழுதி அனுப்பியதும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றன. அவள் பெற்றவள். ஒரே வீட்டில், ஒரே பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள். திமிர் என்று தம்பி சொன்னதை அவளும் நம்பியிருந்தாள்.

மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு மகளை அப்போதே வெளியே கூட்டிவந்தாள். எங்கே போவதென்று தெரியாமல் அம்மா மண்டபம் படித்துறைவரை நடந்தார்கள். திதி கொடுக்க வந்தவர்கள் கூட்டமாக இருந்தது. கொஞ்சம் தள்ளி, வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். காற்று முக்காட்டை இழுத்தது. ரோஷன் பேகம் மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"காது கேக்கலையா உனக்கு?"

இர்பானா ஆற்றைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கேக்குது. முழுசா கேக்கல."

"எப்பலேருந்து?"

"தெரியல. ஒன்பதாவது படிக்கறப்பவே ஃபேன் சத்தம் கேக்காம போச்சு. கரண்ட் இல்லன்னு நெனச்சி மேல பாப்பேன், சுத்திட்டிருக்கும்."

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சமாளிச்சிட்டேன்மா. நீ பேசறப்ப வாயப் பாத்துப்பேன். தமிழ்ல பாதி கேட்டாப் போதும், மீதி என்னன்னு எனக்கே தெரிஞ்சிரும். 'சாப்' அப்படின்னு கேட்டா சாப்பிட்டியான்னுதான இருக்கும். இங்கிலீஷும் அப்படித்தான், அத்தன படிச்சிருக்கேன்ல, மீதியப் போட்டுப்பேன். ஜெர்மன்ல அந்த மீதி எங்கிட்ட இல்லம்மா. படிச்சா வருது, எழுதினா வருது. பேசினா வெறும் எரச்சலா இருக்கு. தண்ணிக்குள்ள யாரோ பேசற மாதிரி."

"அத்தாகிட்ட பேசாததும்..."

"போன்ல வாய் தெரியாதே. வீடியோல பேசினா அவங்க ரூம்ல நெட்டு நின்னு நின்னு வருது. வாயி ஒண்ணு சொல்லுது, சத்தம் ஒண்ணு வருது. எதையாச்சும் மாத்தி சொல்லிட்டா கண்டுபிடிச்சிருவாங்க." அவள் தாயின் கையைப் பிடித்தாள். "அத்தாகிட்ட சொல்லாதம்மா. அங்க தனியா இருக்காங்க. தெரிஞ்சா வேலையப் போட்டுட்டு வந்துருவாங்க. நோன்புக்கு வருவாங்கல்ல, அப்ப நானே சொல்றேன். சத்தியம் பண்ணு."

ரோஷன் பேகம் என்ன செய்வாள். சத்தியம் செய்யவில்லை. சரி என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரமே புத்தூரில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். சர்ஃபராஸும் வந்தான். கண்ணாடி அறைக்குள் இர்பானாவை உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். வெளியே இருந்த பெண் மிஷினைத் திருகத் திருக, இர்பானா கையைத் தூக்காமல் எதிரே பார்த்தபடி இருந்தாள். ரோஷன் பேகத்துக்கு அவளுக்குப் பதிலாகத் தன் கையைத் தூக்கிவிடலாம் போல இருந்தது.

டாக்டர் வயசானவர். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இது அடைப்பு இல்லம்மா, நரம்பு. மருந்துல சரியாவாது, ஆபரேஷனும் இப்ப வேணாம். காதுல மிஷின் வச்சா பேச்சு ஓரளவு புரியும். வீட்ல வேற யாருக்காவது இருந்திச்சா?"

"இல்லைங்க."

"இன்னும் கொறையுமாங்க டாக்டர்?" என்று சர்ஃபராஸ் கேட்டான்.

"கொறையலாம். அப்படியே நிக்கவும் நிக்கலாம். இப்ப என்னால சொல்ல முடியாது. வருசா வருசம் பாக்கணும்."

"ஜெர்மன் படிக்கலாமாங்க?" என்று ரோஷன் பேகம் கேட்டாள். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனமான கேள்வி என்று பட்டது. டாக்டர் சிரிக்கவில்லை.

"படிக்கலாம்மா. யாரு வேணாங்கறா. ஆனா புதுசா ஒரு பாஷையக் காதால வாங்கறது அவளுக்கு ரொம்பக் கஷ்டம்."

வெளியே வந்ததும் சர்ஃபராஸ் மொபெட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றான். ஹாரன் அடித்துக்கொண்டு போனதை நினைத்தானோ என்னவோ. பிறகு அக்காவின் அருகே வந்தான்.

"வெளிய யாருக்கும் தெரிய வேணாம்க்கா. நாளைக்கு நாலு பேரு பொண்ணு கேட்டு வரணும்."

"மிஷின் மாட்டினா தெரியாதா?"

"முக்காடு போட்டுக்கிட்டா தெரியாதுல்ல."

அவன் நல்லதற்குத்தான் சொன்னான் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அழுகை வந்தது.

மிஷின் வர நாளாகும் என்றார்கள். அதற்குள் ஸ்கூலில் பாடம் மாற்றுவதற்கான கெடு வந்துவிட்டது. ரோஷன் பேகம் போய் ஜென்சி மிஸ்ஸிடம் விஷயத்தைச் சொன்னாள். மிஸ் முகம் வெளிறிவிட்டது. பரீட்சையில் அந்தக் கேட்கும் பகுதியிலிருந்து இவளுக்கு விலக்குக் கொடுக்க முடியுமா என்று மேலே கேட்டுப் பார்த்தாள். அது நம் கையில் இல்லை, பரீட்சை வைப்பவர்கள் வேறு என்று பதில் வந்தது.

"பரீட்சை போனாப் போவுது இர்பானா," என்றாள் மிஸ், வாயைத் திறந்து நிறுத்தி நிறுத்தி. "சாயங்காலம் எங்கிட்ட வா. படிக்கறது எழுதறது மட்டும் சொல்லித் தரேன்."

"வேணாம் மிஸ். ஒரு நாளும் காதுல பேச்சா விழாத பாஷைய வச்சிக்கிட்டு நான் என்ன மிஸ் பண்ணுவேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குக்கு விடை சொல்வது போலச் சொன்னாள். புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தாள். அட்டை போட்டு, ஓரம் மடங்காமல் வைத்திருந்த புத்தகம். காத்திருந்த பையன் ஒருவனுக்கு அந்த இடம் அன்றைக்கே போனது. அட்வான்ஸ்டு இங்கிலீஷ் வகுப்பில் இர்பானாவை முன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அங்கேயும் அடுத்த பருவத்தில் விவாதம், பேச்சு, கேட்டு எழுதுவது எல்லாம் வரும் என்று அந்த வகுப்பு மிஸ் சொன்னாள். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாள் இர்பானா.

வெள்ளிக்கிழமை வந்தது. பஷீர் கூப்பிட்டார். இங்கிலீஷுக்கே மாற்றியாகிவிட்டது என்று ரோஷன் பேகம் சொன்னாள். ஏன் என்பதற்கு ஏதேதோ சொல்லி மழுப்பினாள்.  போனில் ஏசி இரைவது மட்டும் கேட்டது.

"சரி. அவ இஷ்டம்," என்றார் பஷீர். "போன குடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

இர்பானா இந்த முறை தானே கையை நீட்டினாள். தன்னால் அம்மா வாரா வாரம் அத்தாவிடம் பேச்சு கேட்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள். ஸ்பீக்கரோடு போனைக் காதில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் அத்தா."

"வ அலைக்கும் ஸலாம். நல்லா இருக்கியாம்மா?"

"நல்லா இருக்கேன் அத்தா."

பஷீர் தொண்டையைச் செருமினார். வழக்கமாக அடுத்து, சாப்பிட்டியா என்றுதான் கேட்பார். அன்று அப்படிக் கேட்கவில்லை.

"அத்தா மேல கோவமா?"

இர்பானா சிரித்த முகமாக, "ஆமாங்கத்தா," என்றாள்.

ரோஷன் பேகம் மாவுக் கையோடு எழுந்து நின்றாள்.

"நான் அங்க இல்லாம போனதுக்கா?" பஷீரின் குரல் உடைந்தது. "நான் உனக்கு என்னம்மா கொற வச்சேன்?"

இர்பானா கண்ணைத் திறந்தாள். அது நீளமான கேள்வி. எதுவும் பிடிபடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கொஞ்சம் யோசித்து, எதற்கும் பொருந்தும் என்று நினைத்தோ என்னவோ, "நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க அத்தா," என்றாள்.

ரோஷன் பேகம் போனை வாங்கி, ஸ்பீக்கரை நிறுத்தினாள்.

"பாத்தியா ரோஷனு, ஆமாங்கறா," என்றார் பஷீர். அழுதுகொண்டிருந்தார்.

இர்பானா தாயின் எதிரே நின்று அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் ஒரு வார்த்தையும் வெளியே வராது. ரோஷன் பேகம் மகளுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகளுக்குப் பேச்சு தெரியக் கூடாது என்று அவள் முதுகைத் திருப்பியது அதுதான் முதல் தடவை.

"என்னங்க," என்றாள். "அவ கோவத்துல சொல்லல. நீங்க கேட்டது அவளுக்குக் கேக்கல. அவளுக்குக் காது கேக்கலைங்க."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. லைன் இருந்தது. அவள் காத்திருந்தாள்.

பின்னாலிருந்து இர்பானா அவள் தோளைத் தொட்டாள்.

"அத்தா என்னம்மா சொல்றாங்க?"